ஒரு பெயரில் விடுபட்ட சொல்

தோழர்களே, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் தன் பெயரிலேயே இரண்டு சொற்களைத் தாங்கியிருக்கிறது: மேம்பாடு, அகற்றல். மேம்பாடுதான் முதலில் நிற்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அமைந்த வாரியமோ ஆங்கிலப் பெயரில் அகற்றலை மட்டுமே வைத்துக்கொண்டது. தமிழில் 'குடிசை மாற்று' என்று சற்று மென்மையாகச் சொன்னார்கள். வடசென்னையில் நம்மவர் நினைவில் கனமாக நிற்பது ஆங்கிலப் பெயர்தான்.

வேறொரு வழியும் இருந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே வைத்துத் தண்ணீர், கழிப்பறை, தெருவிளக்கு கொண்டுவர முயன்றது. கொடுங்கையூரில் சிறு மனைகளை அளந்து கொடுத்து, வீட்டைக் குடும்பங்களே கட்டிக்கொள்ளட்டும் என்றது. கையில் காசு சேர்ந்தால் ஓர் அறை. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி. அடுக்குமாடி வீட்டில் இப்படி வளர வழியில்லை. ஆனால் அந்த வல்லுநர்கள் போட்டது மாதத் தவணைக் கணக்கு. துறைமுகக் கூலியோ அன்றாடக் கூலி. இடையில் துண்டு விழுந்தால் வட்டிக்காரரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

2000-க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும். அங்கே கூடை தூக்குகிற பெண் பெரும்பாக்கத்திலிருந்து எந்தப் பேருந்தில் வருவாள்?

2021-இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. விடுபட்ட சொல் பலகைக்கு வந்துசேர ஐம்பது ஆண்டுகள். இனிக் கணக்கெடுக்க வருகிறவர்களிடம், குடும்பத் தலைவர் பெயரோடு வேலைக்குக் கிளம்பும் நேரத்தையும் எழுதிக்கொள்ளச் சொல்வோம்.