சரத்தை அணியாக்கல்

வலைநிரலில், வழங்கியிலிருந்து ஃபெட்ச் வழியாகப் பெறும் உரை ஒரே நீண்ட சரமாகவே கைக்கு வருகிறது. அதை உறுப்புகளின் அணியாக மாற்றுவதே இச்செயல். ஜேசன் வடிவில் வரும் பட்டியலுக்கு ஜேசன்.பார்ஸ் போதும். இந்திய அரசு 2012இல் தொடங்கிய திறந்த தரவுத் தளத்தில் கிடைப்பது போன்ற சிஎஸ்வி கோப்புகளை முதலில் வரிகளாகவும் பிறகு காற்புள்ளியிலும் ஸ்பிளிட் கொண்டு பிரிக்கலாம். மேற்கோள் குறிகளுக்குள் காற்புள்ளி இருந்தால் புலங்கள் சிதறிவிடும்.

தமிழில் சிக்கல் இன்னும் ஆழமானது. சேலம் மாவட்டத்து ‘அயோத்தியாப்பட்டணம்’ என்ற ஊர்ப்பெயரில் 11 எழுத்துகள். வெற்றுச் சரத்தைக் கொடுத்து ஸ்பிளிட் செய்தாலோ 18 உறுப்புகள் வரும். யுனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். தமிழ்ப் பெயர்களை எழுத்தெண்ணிக் கையாளும் நிரல் ஸ்பிளிட்டை நம்பக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டின் இன்டல்.செக்மென்டர் அந்த 11 எழுத்துகளையும் உடையாமல் பிரித்துத் தரும்.