சார்பும் மாறாமையும்

"எல்லாம் சார்பானவையே, நிலையான உண்மை என்று ஒன்றில்லை, இதனை ஐன்ஸ்ரைனே நிறுவிவிட்டார்" என மேடைகளிலும் உரையாடல்களிலும் கூறுவார் பலர். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயினும் பௌதிக சாத்திரத்தின் வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு அது பொருந்தாக் கூற்று என்பது புலனாகும். நோக்குவோர் பலராயினும் அவர் எல்லோர்க்கும் மாறாது நிற்பது யாது என்னும் தேட்டமே சார்புக் கொள்கையைப் பெற்றெடுத்தது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு நீண்ட அத்தேட்டத்தின் கதையை இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

பூமி சுழல்கின்றதென்றால் நாம் அதனை உணராதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு இத்தாலிய அறிஞர் கலிலியோ, 1632 இல் வெளியிட்ட உரையாடல் நூலில் ஒரு கப்பலைக் காட்டி விடை பகர்ந்தார். கப்பலின் அடித்தட்டு அறையொன்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. தொங்கவிட்ட கலத்திலிருந்து நீர் துளித்துளியாகக் கீழுள்ள பாத்திரத்தில் விழுகின்றது. கப்பல் துறையில் நின்றாலென்ன, ஆட்டமின்றி ஒரே வேகத்திற் சென்றாலென்ன, பூச்சிகள் ஒருபடியாகவே பறக்கும்; துளிகள் நேர் கீழேயே விழும். அறைக்குள் இருந்து இவற்றை நோக்குபவன் கப்பலின் ஓட்டத்தை அறியமாட்டான். வேகம் சார்பானது, இயக்கத்தின் விதியோ நிற்பவனுக்கும் செல்பவனுக்கும் ஒன்றே. சார்புக் கொள்கையின் மூலவித்து இதுவேயாம்.

பின்வந்த நியூற்றன், எதனையும் சாராத தனிவெளியும், ஒரேசீராய் ஓடும் தனிக்காலமும் உண்டென 1687 இல் வெளியிட்ட தமது பெருநூலிற் கொண்டார். ஜேர்மன் மெய்யியலாளர் லைப்னிற்ஸ் 1715, 1716 ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதங்களில் இதனை மறுத்தார். வெளியென்பது பொருள்களிடையே உள்ள ஒழுங்கேயன்றித் தனிப்பொருள் அன்று என்பது அவர் வாதம். 1883 இல் மாக் என்பாரும், அனுபவத்தால் அறியமுடியாத தனிவெளிக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை எனக் கண்டித்தார். எனினும் நியூற்றனின் விதிகள் கிரகங்களின் போக்கைச் சிறப்பாக விளக்கியமையால், இவ்வாதம் மெய்யியலார் வாதமாகவே நின்றது.

அதனைப் பரிசோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தது ஒளி. ஒளி ஒரு மின்காந்த அலை என 1860களில் மக்ஸ்வெல் காட்டினார். அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். அலைக்கு ஓர் ஊடகம் வேண்டுமென எண்ணிய அறிஞர்கள், ஈதர் என்னும் ஒன்று அண்டமெங்கும் நிறைந்துள்ளது என்றனர். அங்ஙனமாயின், செக்கனுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்திற் சூரியனைச் சுற்றும் பூமியில், ஒளியின் வேகம் திசைக்குத் திசை வேறுபடல் வேண்டும். 1887 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சனும் மோளியும் நுண்கருவிகொண்டு அவ்வேறுபாட்டைத் தேடினர், எதிர்பார்த்தது கிட்டவில்லை. லொறன்ஸ் முதலியோர், ஓடும் பொருள் ஓடுதிசையிற் குறுகுமெனக் கூறி ஈதரைக் காக்க முயன்றனர்.

1905 இல், சுவிற்சலாந்தின் பேர்ண் நகரக் காப்புரிமை அலுவலகத்திற் பணியாற்றிய 26 வயது இளைஞராகிய ஐன்ஸ்ரைன் வேறு வழி கண்டார். சீரான வேகத்தில் இயங்கும் எல்லோர்க்கும் இயற்கை விதிகள் ஒன்றே என்பது அவர் கொண்ட முதற் கோட்பாடு. வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் எல்லோர்க்கும் ஒன்றே என்பது இரண்டாவது. இரண்டும் மாறாமையைக் கூறுவன என்பதைக் கவனிக்க. இவற்றை ஏற்பின் நியூற்றனின் தனிக்காலத்தைக் கைவிடல் வேண்டும். அவர் துணிந்து கைவிட்டார். ஓடும் புகையிரதத்தின் இரு முனைகளையும் மின்னல் தாக்குகின்றது எனக் கொள்வோம். தாக்கிய இடங்களுக்கு நடுவே தரையில் நிற்பவன், இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்கிறான். வண்டியின் நடுவில் இருப்பவனோ முன்முனையிலிருந்து வரும் ஒளியை முதலிற் காண்கிறான். இரு முனைகளும் அவனுக்குச் சமதூரம். ஒளியின் வேகமும் ஒன்றே. ஆதலின் முன்முனையில் வீழ்ந்த மின்னலே முந்தியது என்கிறான். இருவர் கூற்றும் பிழையன்று.

அப்படியாயின் உண்மை ஆளுக்கொன்றோ? அன்று. காலமும் தூரமும் தனித்தனியே நோக்குவோர்க்கேற்ப மாறினும், அவ்விரண்டையும் இணைத்துக் கணிக்கும் வெளிகால இடைவெளி எவர்க்கும் ஒன்றே என 1908 இல் மின்கோவ்ஸ்கி காட்டினார். காரணம் காரியத்துக்கு முந்துதலும் எவர் நோக்கிலும் மாறாது.

1915 நவெம்பரில் ஐன்ஸ்ரைன் ஈர்ப்பையும் இக்கொள்கையுள் அடக்கி, அதனை வெளிகாலத்தின் வளைவாக விளக்கினார். புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை மிகையாகத் திரும்பும் புதிர் இதனால் அவிழ்ந்தது. ஒரு விகலையாவது பாகையில் 3600 இல் ஒரு பங்கு. சூரியனை உராய்ந்து வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளையும் எனவும் அவர் முன்கூட்டியே கணித்தார். நியூற்றன் வழிக் கணக்கு அதிற் பாதியே தந்தது. 1919 மே 29 இல் நிகழ்ந்த பூரண சூரிய கிரகணத்தை எடிங்ரன் ஆபிரிக்கக் கரையோரப் பிரின்சிப்பே தீவிலும், வேறொரு குழுவினர் பிறேசிலின் சோபிராலிலும் நோக்கினர். ஐன்ஸ்ரைனின் கணிப்புக்குச் சார்பான முடிவு நவெம்பர் 6 இல் இலண்டனில் அறிவிக்கப்பட்டது.

உலகப் புகழ் எய்திய அவர், 1922 ஒக்ரோபரில் யப்பானுக்குச் செல்லும் வழியில் நம் கொழும்பிலும் இறங்கினார். அடுத்த மாதம் அவருக்கு 1921 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அது சிறப்பாகக் குறித்தது ஒளிமின் விளைவின் விதியையே. சார்புக் கொள்கையை அன்று. புகழ் வந்த பின்னரும் ஐயமும் சோதனையும் தொடர்ந்தன. இன்று இடங்காட்டும் செய்மதிகளின் கடிகாரங்கள், தரையிலுள்ளவற்றிலும் நாளொன்றுக்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 38 பங்கு விரைந்தோடும் எனக் கணித்தே அமைக்கப்படுகின்றன. அச்சிறு நேரத்தில் ஒளி 11 கிலோமீற்றர் கடந்துவிடும்! நம் கைத்தொலைபேசி வழிகாட்டுவதும் இக்கணக்கின் துணையாலேயே.

நியூற்றனின் கணக்கும் வீண்போகவில்லை. சிறு வேகங்களுக்கும் மென்மையான ஈர்ப்புக்கும் அது இன்றும் போதுமானது.

இளைஞர்களே! "உன் கருத்து உனக்கு, என் கருத்து எனக்கு" என ஒதுங்குவது எளிது. அதற்கு ஐன்ஸ்ரைனைச் சான்றழைத்தல் தகாது. மற்றவன் நிற்கும் இடத்தையும் கணக்கிலெடுத்து, அவனுக்கும் நமக்கும் பொதுவானதைக் கண்டு, கண்டதைச் சோதனைக்கு உட்படுத்துவதே சார்புக் கொள்கை காட்டும் நெறி. மூத்தோரும் இளையோரும் வெவ்வேறு கரையில் நின்று வழக்காடும் வேளைகளிலும் அந்நெறி பயன் தருவதாகும்.