பதிதரா, பிரிந்த சகோதரரா?

சீர்திருத்தச் சபையினரைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொல் 'பதிதர்' என்பதாகும். நெறியினின்று வழுவி விழுந்தவர் என்பது அதன் பொருள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நாம் அச்சொல்லை விடுத்துப் 'பிரிந்த சகோதரர்' என்கிறோம். சொல் மாறிற்று, மனம் மாறிற்றா? திருமணப் பேச்சு எழும்போதும், கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நிற்கும்போதும் பழைய சொல்லின் நிழல் நம்மிடையே இன்னும் விழுகின்றது. ஆகவே இப்பிரிவினை எங்ஙனம் பிறந்தது, நம் தமிழ் மண்ணிற்கு எங்ஙனம் வந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது தகும்.

மார்ட்டின் லூத்தர் வெளியிலிருந்து வந்த பகைவர் அல்லர். அகுஸ்தீனார் சபைத் துறவி, குருப்பட்டம் பெற்றவர், விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மறைநூல் கற்பித்தவர். 1517 அக்டோபர் 31ஆம் நாள் அவர் தம் 95 கருத்துரைகளை மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார். திருச்சபை வழங்கும் 'பலன்' பாவத்தை மன்னிப்பதன்று. மன்னிக்கப்பட்ட பாவத்திற்கு எஞ்சி நிற்கும் தண்டனையைத் தணிப்பது என்பதை நாம் அறிவோம். ஆனால் அன்று ஜெர்மானிய நாட்டில் அது காசுக்கு விலைபோகும் சரக்காயிற்று. ஒன்றுக்கு மேற்பட்ட ஆயர் பதவிகளை வகிக்க உரோமையின் அனுமதி பெறுவதற்காக ஆல்பிரெக்ட் பெருந்தொகை செலுத்தினார். அதனை ஃபுக்கர் என்னும் லேவாதேவிக் குடும்பத்தாரிடம் கடனாகப் பெற்றார். பலன் விற்ற பணத்தில் ஒரு பாதி புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்திற்கும், மறுபாதி அக்கடனை அடைக்கவும் சென்றது. வட்டிக்கணக்கின் நுட்பம் அறிந்த செட்டிநாட்டு மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. ஆன்மாக்களின் மீட்பு ஒரு கடன் பத்திரத்திற்கு ஈடாக வைக்கப்பட்டது.

கண்டனம் நியாயமானதே. எனினும் கண்டனம் அவ்வளவில் நிற்கவில்லை. 1520ஆம் ஆண்டிற்குள் லூத்தர் திருத்தந்தையின் அதிகாரத்தையே மறுத்தார். ஏழு அருட்சாதனங்களுள் பெரும்பாலானவற்றை ஏற்க மறுத்தார். இவை திருச்சபை விட்டுக்கொடுக்க இயலாத விசுவாச உண்மைகள். தம்மைக் கண்டித்து வந்த திருத்தந்தையின் மடலை அவர் தீயிலிட்டார். 1521 சனவரி 3ஆம் நாள் திருச்சபையினின்று விலக்கப்பட்டார். பிரிந்தவர்களாவது ஒன்றாயிருந்தார்களா எனில் அதுவும் இல்லை. 1529இல் மார்பர்க் நகரில் லூத்தரும் சூரிச் நகரின் ஸ்விங்லியும் சந்தித்தபோது, நற்கருணையில் ஆண்டவரின் பிரசன்னம் பற்றி உடன்பாடு காணாமலே பிரிந்தனர். பின்னர் கால்வின் ஜெனீவாவில் மற்றொரு மரபை வளர்த்தார்.

அதே காலத்தில், 1523இல், திருத்தந்தை ஆறாம் ஏட்ரியன் தம் தூதர் வழியாக நூரென்பர்க் மன்றத்தின் முன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: நோய் தலையிலிருந்தே உறுப்புகளுக்குப் பரவிற்று என்பதே அது. அவர் அவ்வாண்டே மறைந்தார். அவருடைய தாழ்ச்சியை இரு தரப்பாரும் அன்று பின்பற்றியிருந்தால் வரலாறு வேறுவிதமாய் அமைந்திருக்கக் கூடும்.

ஐரோப்பாவின் இச்சண்டை கப்பலேறித் தமிழகம் வந்தது. இங்கு நம் மறைப்பணியாளர் முன்னரே உழுது விதைத்திருந்தனர். புனித சவேரியார் 1542இல் வந்தார். அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. நம் மறைமாவட்டத்து ஓரியூர் மண்ணில் 1693இல் புனித அருளானந்தர் இரத்தம் சிந்தினார். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1706 சூலை 9ஆம் நாள், லூத்தரின் வழிவந்த சீகன்பால்குவும் புளுட்சோவும் டேனியரின் தரங்கம்பாடியில் வந்திறங்கினர்.

வந்தவர் தமிழில் மறையை எச்சொல்லால் உரைப்பது? அதற்குச் சீகன்பால்கு நாடியவற்றுள் நம் குருக்கள் இயற்றிய நூல்களும் இருந்தன. அவற்றுள் தமக்கு ஒவ்வாதவற்றை நீக்கிப் பயன்படுத்தினார். கத்தோலிக்கர் இறைவனை அழைத்த 'சர்வேசுரன்' என்னும் பெயரையே தம் புதிய ஏற்பாட்டிலும் வைத்தார். அந்நூல் 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் நிறைவுற்றது. தமிழில் முதன்முதல் அச்சிட்டவர் கத்தோலிக்கர். ஆனால் 1679இல் அம்பலக்காட்டில் அகராதி அச்சான பின் நம் அச்சுப்பணி தளர்ந்தது. விட்ட இடத்திலிருந்து அவர்கள் தொடர்ந்தனர்.

மோதலும் உடன் வந்தது. தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த இராசநாயக்கன் என்னும் கத்தோலிக்கர், அப்புதிய ஏற்பாட்டைப் படித்து லூத்தரன் சபை சேர்ந்து உபதேசியாரானார். மறைநூலைத் தம் மொழியில் படிக்கும் ஆவல் நம் மக்களிடம் இருந்தது என்பதற்கு இது சான்று. வீரமாமுனிவர் வாளாவிருக்கவில்லை. 1728இல் 'வேதவிளக்கம்' எழுதினார். 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்னும் கண்டன நூல்களும் அவர் எழுதியவையே. மந்தையைக் காக்கும் ஆயனின் கவலை அவற்றில் உண்டு. இன்று நாம் எழுதத் தயங்கும் கடுமையும் உண்டு. அச்சொற்போரால் தமிழ் உரைநடை வளம்பெற்றது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர் தாம் தொடுக்காத ஒரு வழக்கிற்குப் பரம்பரை வாதி, பிரதிவாதிகள் ஆயினர்.

இறைவனின் பெயரிலும் பிரிவு புகுந்தது. பிற்காலச் சீர்திருத்த மொழிபெயர்ப்புகள் 'பராபரன்' என்றும், பின்னர் 'தேவன்' என்றும் சொல்லின. நாம் 'சர்வேசுரன்' என்றோம். ஒரே தெருவில் வாழ்ந்த இரு வீட்டார் ஒரே தந்தையை வெவ்வேறு பெயரால் அழைத்தனர்.

நம் வட்டாரத்திற்கு வந்த சீர்திருத்த சபையினர் பல திறத்தார். திருப்பத்தூரில் நோயாளருக்குத் தொண்டாற்றிய சுவீடன் மிஷன் மருத்துவமனை லூத்தரின் வழிவந்தோர் நிறுவியது. மானாமதுரைப் பக்கம் பணியாற்றிய அமெரிக்க மதுரை மிஷன் கால்வினின் மரபினது. அதன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அவர்களுடைய மருத்துவமனையின் கதவையும் பள்ளியின் கதவையும் கடந்து சென்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் பல. நன்மை பெற்ற இடத்தில் நன்றி சொல்லுதல் விசுவாசக் குறைவாகாது.

1964இல் வெளிவந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு, பிரிவினையின் பழி இரு தரப்பு மனிதருக்கும் உண்டு என உரைத்தது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் 'கடவுள்' என்னும் ஒரே பெயர் நின்றது. அச்சபைகளில் பலர் பழைய மொழிபெயர்ப்பையே இன்னும் விரும்பிப் படிக்கின்றனர் என்பதும் உண்மையே. 1999 அக்டோபர் 31ஆம் நாள், அருளால் நாம் ஏற்புடையோராகிறோம் என்பது பற்றிக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கையில் ஒப்பமிட்டனர். 2017இல் கால்வின் மரபுச் சபைகளின் உலக ஒன்றியமும் அதனை ஏற்றது. லூத்தரின் உள்ளத்தை வாட்டிய முதல் கேள்வியில் இன்று அடிப்படை உடன்பாடு உண்டு.

நற்கருணைப் பந்தியில் நாம் இன்னும் ஒன்றாய் அமரவில்லை. குருத்துவம் பற்றியும், திருத்தந்தையின் பணி பற்றியும் வேறுபாடு நீங்கவில்லை. இல்லாத ஒற்றுமையை இருப்பதாகக் காட்டுவது அன்பாகாது. ஆனால் வேறுபாட்டைப் பகையாக்குவது நம் விசுவாசம் கேட்கும் ஒன்றன்று. ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக மன்றாடுகிறோம். அம்மன்றாட்டு பீடத்தோடு முடியாமல், அடுத்த தெருச் சபையாரின் துக்க வீட்டிற்கும் மணவீட்டிற்கும் நம்மை அழைத்துச் செல்லட்டும். 'சகோதரர்' என்னும் சொல்லை நாம் உண்மையாக்கும் இடம் அதுவே.