திலிஸ்ம்: வடநாட்டு மாயக்கதைகளின் வரலாறு

காசி யாத்திரை செல்லும் தமிழர் பலர், மிர்சாபூரைக் கடந்த சிறிது நேரத்தில் சுனார் என்னும் நிலையத்தையும் கடக்கின்றனர். கங்கைக் கரையில் குன்றின்மேல் நிற்கும் அவ்வூர்க் கோட்டையை வரலாற்று மாணவர் நன்கு அறிவர். ஹுமாயூனும் ஷேர்ஷாவும் அதற்காகப் போரிட்டனர். 1781ஆம் ஆண்டில் காசி மன்னர் சைத்சிங்குடன் பகை முற்றியபோது, வாரன் ஹேஸ்டிங்ஸ் ஓடி ஒளிந்ததும் அங்கேதான். ஆனால் இந்தி கற்ற ஒருவரிடம் சுனார் என்று சொல்லிப் பாருங்கள். அவர் நினைவுக்கு ஹேஸ்டிங்ஸ் வரமாட்டார். இளவரசி ஒருத்தியை விழுங்கிய கற்கொக்குதான் வரும். அந்த இளவரசியின் பெயர் சந்திரகாந்தா.

1888ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நவீனத்தின் ஆசிரியர் தேவகிநந்தன் கத்ரி. அவரைப் பற்றிப் பேசுமுன், அவர் யாருடைய வழிவந்தவர் என்பதை நாம் அறிதல் வேண்டும். அதற்கு ஒரு சொல்லே வழிகாட்டுகிறது. ‘திலிஸ்ம்’ என்பது அச்சொல். கிரேக்கத்தில் பிறந்து, அரபியில் வளர்ந்து, பாரசீகத்தின் வழியாக உருதுவிலும் இந்தியிலும் குடியேறியது. ஆங்கிலத்தில் தாயத்தைக் குறிக்கும் ‘டாலிஸ்மன்’ என்னும் சொல்லும் இதன் உடன்பிறப்பே. ஆயினும் கதைகளில் திலிஸ்ம் என்பது தாயத்தன்று. மந்திரத்தால் கட்டப்பட்ட ஒரு நாடு. அதற்குள் அரண்மனை உண்டு, தோட்டம் உண்டு, ஆறு உண்டு. உள்ளே புகுந்தவன் வெளியேற வழிதான் இல்லை. இதற்கு ஒரே தமிழ்ச்சொல் கேட்டால் நாம் திணறத்தான் வேண்டும். மாயக்கோட்டை என்றால் ஆறு விடுபட்டுப்போகிறது. மாயநாடு என்றால் சிறை விடுபட்டுப்போகிறது.

இக்கதைகளின் தாய் அமீர் ஹம்ஸாவின் கதை. நபிகள் நாயகத்தின் சிற்றப்பா பெயரால் பாரசீகத்தில் வளர்ந்த இந்த வீரகதை, இந்தியாவிற்கு வந்து அரசவைகளில் இடம் பெற்றது. அக்பர் பாதுஷாவுக்கு இதில் இருந்த ஈடுபாடு அளவிறந்தது. இளம்வயதிலேயே அவர் இதற்கு ஓவியம் தீட்டுமாறு ஆணையிட, மீர் சையத் அலி, அப்துஸ் ஸமத் என்னும் ஓவியர்களின் மேற்பார்வையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் வேலை நடந்தது. துணியின்மேல் தீட்டப்பெற்ற பெரிய ஓவியங்கள் சுமார் 1400. இன்று எஞ்சியவை 200க்கும் குறைவு. அவற்றில் மிகுதியானவை வியன்னாவிலும் லண்டனிலும் உள்ளன.

அரசவையிலிருந்து இக்கதை தெருவுக்கு இறங்கிய விதம் இன்னும் சுவையானது. டில்லி ஜும்மா மசூதியின் படிக்கட்டுகளை நம்மில் பலர் ஏறி இறங்கியிருப்போம். சென்ற நூற்றாண்டுகளில் அப்படிகளில் மாலைதோறும் கதை சொல்வோர் அமர்ந்திருந்தனர். ‘தாஸ்தான்கோ’ என்பது அவர்தம் பெயர். கையில் ஏடில்லை, பக்கவாத்தியம் இல்லை, குரலும் சைகையுமே கருவி. 1857ஆம் ஆண்டிற்குப் பின் டில்லி நலிந்தபோது லக்னோவில் இக்கலை செழித்தது. அங்கேதான், பாரசீக மூலத்தில் இல்லாத புதிய கிளைக்கதை ஒன்று பிறந்தது. அதுவே ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’. அறிவைக் கவரும் மாயநாடு என்று பொருள் கொள்ளலாம்.

அந்நாட்டின் சக்கரவர்த்தி அஃப்ராசியாப், சூனியக்காரர்க்கெல்லாம் தலைவன். பட்டத்தரசி ஹைரத். வெளிப்பட்ட நாடு, மறைந்த நாடு, இருள் நாடு என மூன்று பகுதிகள் அவனுக்கு உண்டு. இடையே குருதி ஆறு ஓடுகிறது. ஹம்ஸாவின் பேரன் அஸத் இதை வெல்லப் புறப்படுகிறான். ஆனால் கதையின் உண்மையான ஆற்றல் அவனிடம் இல்லை என்பதே நம் கருத்து. அது இருவகையாரிடம் உள்ளது. முதலாமவர் சூனியக்காரிகள். மஹ்ருக், பஹார் என்னும் பெண்கள் சக்கரவர்த்தியைத் துறந்து எதிரணியில் சேர்கின்றனர். பஹார் பட்டத்தரசியின் தங்கை. அவள் பூச்செண்டை வீசினால் போர்க்களம் வசந்தகாலத் தோட்டமாகிவிடும். எதிரிகள் அவள்மேல் காதல் கொண்டு பித்தராவர். இத்தனை அதிகாரம் படைத்த பெண்களை, படை நடத்தும் பெண்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேறு எந்த உரைநடையிலும் தேடிக் காண்பது அரிது.

இரண்டாமவர் ‘அய்யார்’கள். நம் நேயர்கள் இதனை ஐயர் என்று கொண்டுவிடலாகாது! ஒற்றன், மாறுவேடக்காரன், தந்திரக்காரன் ஆகிய மூவரும் ஒருவனாய் வந்தவனே அய்யார். அவர்களுள் தலைசிறந்தவன் அமர். உலகையே உள்ளடக்கும் பை ஒன்றும், உருவை மறைக்கும் போர்வை ஒன்றும் அவனிடம் உண்டு. பணத்தாசையும் நிரம்ப உண்டு.

விலக்கப்பட்ட மந்திரம் என்பது இக்கதைகளின் அடிப்படை விதி. ஹம்ஸா சூனியம் பழகுவதில்லை. இறைவனின் மகாநாமம் ஒன்றே அவருக்குக் கவசம். சூனியமோ தன் அழிவைத் தன்னுள்ளேயே சுமந்து நிற்கிறது. ஒரு திலிஸ்ம் கட்டப்படும்போதே அதை உடைக்கப்போகிறவன் இன்னான் என விதிக்கப்படுகிறது; உடைக்கும் முறை ஒரு பலகையில் பொறிக்கப்பட்டு எங்கோ மறைக்கப்படுகிறது. அஃப்ராசியாப் இதனை அறிவான். அறிந்தே ஆள்கிறான், அறிந்தே போரிடுகிறான்.

1858ஆம் ஆண்டில் லக்னோவில் நிறுவப்பட்ட நவல் கிஷோர் அச்சகம் இக்கதைகளை நூலாக்க முனைந்தது. ஹோஷ்ருபாவின் முதல் நான்கு தொகுதிகளை முகம்மது ஹுசைன் ஜாஹ் எழுத, அவர் விலகிய பின் அகமது ஹுசைன் கமர் தொடர்ந்து 1893ஆம் ஆண்டளவில் முடித்தார். ஹம்ஸா கதை முழுவதும் சேர்ந்து 46 தொகுதிகளாக விரிந்தது. வாய்மொழிக்கலை மறையுமுன் ஏட்டில் ஏறியது நற்பேறே; ஆயினும் கதை காசுக்குக் கிடைக்கத் தொடங்கியபின் கதை சொல்வோனைக் கேட்பார் குறைந்தனர். டில்லியின் கடைசித் தாஸ்தான்கோ எனப் புகழ்பெற்ற மீர் பாகர் அலி, பிற்காலத்தில் பாக்கு விற்றுப் பிழைத்து, 1928ஆம் ஆண்டில் மறைந்தார்.

அச்சேறிய இக்கதைகளை ஆவலோடு படித்தவர் இளைஞரே. கோரக்பூரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் புத்தகக்கடையொன்றில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டான். பள்ளித் தோழரிடம் பாட உரைநூல்களை விற்றுத் தருவது. பதிலுக்குக் கதைப்புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பது. ஹோஷ்ருபாவின் தொகுதிகளை அவன் அவ்வாறே படித்தான். பின்னாளில் ஏழை உழவனின் வாழ்வை இந்திக்கும் உருதுவுக்கும் கொண்டுவந்த பிரேம்சந்தே அச்சிறுவன்.

இனிக் கத்ரியிடம் வருவோம். பீகாரில் 1861ஆம் ஆண்டில் பிறந்து காசியில் குடியேறிய அவர், சகியா, நௌகட் காடுகளில் குத்தகை எடுத்திருந்தார். பாழடைந்த கோட்டைகளும் குகைகளும் நிறைந்த அக்காடுகளே அவர் கதைக்களம். விஜயகட் இளவரசியும் நௌகட் இளவரசனும் காதலர், இடையே குரூர்சிங் என்னும் பொல்லாதவன், இருபுறமும் அய்யார்கள். ஆனால் கத்ரி ஒரு பெரிய மாற்றம் செய்தார். அவருடைய திலிஸ்மில் மந்திரமில்லை, பொறிகளே உண்டு. முன்னோர் தம் செல்வத்தைக் காக்க அறிவாளரைக்கொண்டு அமைத்த இயந்திர மாளிகை அது. அவருடைய அய்யார் பையிலும் மயக்கமருந்தும், மயக்கம் தெளிவிக்கும் முகர்மருந்தும், கண்ணாடியும், கயிற்றுச் சுருக்குமே இருந்தன. ஓர் அய்யார் மற்றோர் அய்யாரைக் கொல்லலாகாது என்ற அறமும் அவர்களுக்கு உண்டு. சூனியக்காரி மறைந்தாள், பொறிவலாளன் வந்தான். இம்மாற்றத்தில் நமக்குச் சிறிது வருத்தமும் உண்டு.

அந்நாளில் உருதுவெழுத்து மட்டும் அறிந்திருந்தோர் பலர், சந்திரகாந்தாவைப் படிப்பதற்காகவே தேவநாகரி கற்றனர். இந்தி இலக்கிய வரலாறு எழுதிய ராமச்சந்திர சுக்லரும், கத்ரி உண்டாக்கிய அளவு வாசகரை வேறெவரும் உண்டாக்கவில்லை என ஒப்புக்கொண்டார். ஆனால் அந்நூல்களை இலக்கியம் என ஏற்க அவர் மனம் இசையவில்லை. புதுமொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் தொல்லை, வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குத் தெரியாததன்று. கட்டாயமின்றி ஒருவனை அத்தொல்லைக்கு உட்படுத்திய நூலை எளிதாக ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

‘சந்திரகாந்தா சந்ததி’ 24 பாகங்களில் தொடர்ந்தது. ‘பூதநாத்’ முடியுமுன் 1913ஆம் ஆண்டில் கத்ரி மறைய, மகன் துர்காபிரசாத் அதனை நிறைவு செய்தார். உருதுக் கதைகளோ நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. அலகாபாத்தில் வாழ்ந்த அறிஞர் ஷம்ஸுர் ரஹ்மான் ஃபாரூகி, சிதறிய 46 தொகுதிகளையும் தேடித் திரட்டினார். அவர் ஊக்கத்தால் 2005ஆம் ஆண்டில் டில்லி மேடையில் தாஸ்தான் மீண்டும் ஒலித்தது. 2020ஆம் ஆண்டில் மறைந்த அவர், இக்கதைகளை ஆராய்ந்து எழுதிய பெருநூலுக்கு ‘சாஹிரி, ஷாஹி, சாஹிப்கிரானி’ என்று பெயரிட்டார். சூனியம், அரசு, உலகை வெல்லும் பேறு என்பது அதன் பொருள்.