வானொலி, இசைத்தட்டு, மேடை: ஜான் ஹாமண்டின் பணியை மறுபடி மதிப்பிடுதல்

அமெரிக்க இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் (1910–1987) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். பில்லி ஹாலிடே, கவுண்ட் பேஸி, அரேதா ஃபிராங்க்ளின், பாப் டிலன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என இத்தனை பேரையும் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. அவருடைய செவி நுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பட்டியல் அவருடைய உழைப்பின் தன்மையை மறைத்துவிடுகிறது. வானொலி, இசைத்தட்டு, கச்சேரி மேடை ஆகிய மூன்று துறைகளிலும் அவர் இயங்கினார். நிறவேற்றுமை ஊறிப்போயிருந்த அமெரிக்காவில் இம்மூன்றும் கறுப்பினக் கலைஞரை மூன்று விதமாக நடத்தின. அந்த வேறுபாட்டை ஹாமண்ட் அனுபவத்தில் கற்றார். அதனால், 1938-இல் அவர் நடத்திய கச்சேரியையே அவருடைய வாழ்நாள் பணியின் மையமாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹாமண்ட் நியூயார்க்கின் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழியில் வாண்டர்பில்ட் வம்சம். யேல் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1930-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் டபிள்யூஇவிடி வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சிகளை நடத்தினார். அங்கே வாசித்தவர்களில் கறுப்பினக் கலைஞர்கள் பலர். நிலையம் ஒரு ஓட்டலுக்கு இடம்மாறியபோது, அவர்கள் சரக்கு ஏற்றும் லிஃப்டில்தான் மேலே வரவேண்டும் என்று கட்டளை வந்தது; ஹாமண்ட் விலகிக்கொண்டார். இதை அவரே தன் சுயசரிதையில் பதிவுசெய்திருக்கிறார். இந்தச் செய்தி சிறியதாகத் தோன்றலாம். என் பார்வையில் வானொலியின் இயல்பே இதில் வெளிப்படுகிறது. கலைஞரின் இசை எந்த வீட்டு வரவேற்பறைக்குள்ளும் தடையின்றி நுழைந்தது; அவருக்கோ கட்டடத்தின் முன்வாசல்கூட மூடியிருந்தது.

இசைத்தட்டு இதைவிட ஒரு படி மேல். ஹாமண்டின் முயற்சியால் நியூயார்க் வந்த கறுப்பினப் பியானோ கலைஞர் டெடி வில்சன், வெள்ளையரான பென்னி குட்மனுடனும் ஜீன் குரூப்பாவுடனும் மூவராகச் சேர்ந்து 1935-இல் தட்டில் பதிந்தார். அதே மூவர் சிகாகோ மேடையில் மக்கள் முன் ஒன்றாக அமர 1936 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்பவர் கண்ணுக்கு நிறம் தெரியாது என்பதே தட்டுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தந்தது.

அந்தச் சுதந்திரத்துக்கும் விலை இருந்தது. 1936-இல் சிகாகோவில் தன் காரில் அமர்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த ஹாமண்ட், அலைவரிசையின் ஒரு கோடியில், சுமார் நானூறு மைல் தொலைவிலிருந்த கன்சாஸ் சிட்டியின் டபிள்யூ9எக்ஸ்பிஒய் என்ற சோதனை நிலையத்தைப் பிடித்தார். ரீனோ கிளப்பிலிருந்து கவுண்ட் பேஸியின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுவைப் புகழ்ந்து அவர் எழுதினார். ஆனால் அவர் ஒப்பந்தத்தோடு போய்ச் சேருமுன் டெக்கா நிறுவனம் முந்திக்கொண்டது. தட்டுகளின் 24 பக்கங்களுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது, பேஸி கையெழுத்திட்டுவிட்டார். எழுத்தாளராகப் பாராட்டுவது எளிது. பாராட்டப்பட்டவருக்கு உரிய பங்கைப் பெற்றுத்தர வேறொரு அதிகாரம் வேண்டும். ஹாமண்ட் பிற்காலத்தில் பெருநிறுவனங்களுக்குள் இருந்தே பணியாற்றியதை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

இனி மேடைக்கு வருவோம். 1938 டிசம்பர் 23 அன்று கார்னெகி அரங்கில் ‘ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’ கச்சேரி நடந்தது. பணம் கொடுத்தது ‘நியூ மாஸஸ்’ என்ற இடதுசாரி வார இதழ். முந்தைய ஆண்டு கார் விபத்தில் இறந்த பாடகி பெஸ்ஸி ஸ்மித்துக்குக் கச்சேரி காணிக்கையாக்கப்பட்டது. வட கரோலினாவின் மிட்சல்ஸ் கிறிஸ்டியன் சிங்கர்ஸ், மவுத் ஆர்கன் கலைஞர் சானி டெரி, சிஸ்டர் ரொசெட்டா தார்ப், பூகி-வூகி பியானோ கலைஞர்கள் மூவர், பேஸியின் குழு என, கோயில் பாட்டிலிருந்து நடனக்கூடம் வரையிலான ஒரு மரபு முழுவதும் ஒரே இரவில் ஒரே மேடையேறியது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்து அமர்ந்து கேட்டனர். கேளிக்கைக்கு மட்டுமே உரியது என ஒதுக்கப்பட்டிருந்த இசைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதை, அந்த மரபை ஒரே நிகழ்ச்சியாக அமைத்து ஹாமண்ட் நிறுவினார். மிகச் சில புத்தகங்களே அதைச் செய்திருந்த காலம் அது.

மிசிசிப்பியின் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனையும் அழைக்க அவர் விரும்பினார். ஜான்சன் அந்த ஆகஸ்டிலேயே இறந்துவிட்டிருந்தார். ஹாமண்ட் அவருடைய இரண்டு இசைத்தட்டுகளைக் கார்னெகி அரங்கில் ஒலிக்கச் செய்தார். ஆள் இல்லாத இடத்தில் தட்டை வைத்து ஒரு கலைஞருக்கு இடம் ஒதுக்கிய செயல் அது. ஹாமண்ட் பணியாற்றிய கொலம்பியா நிறுவனம் 1961-இல் வெளியிட்ட ஜான்சன் தொகுப்புத் தட்டுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது என்பேன். டிலன் முதல் எரிக் கிளாப்டன் வரை ஒரு தலைமுறையே அந்தத் தொகுப்பிலிருந்து கற்றது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதைத் தவிர்க்கக் கூடாது. ஜான்சனுக்குப் பதிலாக மேடையேறிய பிக் பில் புரூன்ஸி ஆர்க்கன்ஸாஸ் வயலிலிருந்து வந்த பண்ணையாளாக அறிமுகப்படுத்தப்பட்டார். உண்மையில் அவர் பத்தாண்டுக்கு மேல் சிகாகோவில் தட்டுகள் பதிந்து புகழ்பெற்றிருந்த நகரக் கலைஞர். பெஸ்ஸி ஸ்மித்தின் மரணம் பற்றியும் ஹாமண்ட் 1937-இல் ‘டவுன் பீட்’ இதழில், வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்தது என்ற செய்தியை உறுதிசெய்யாமலே எழுதினார். பின்னர் அது தவறென்று தெரியவந்தது. நீதிக்கான அவருடைய வேட்கை மெய்யானது. அந்த வேட்கையே அவர் பார்க்க விரும்பியதைப் பார்க்கவும் வைத்தது. கலைஞரை நேரில் நிறுத்தும் மேடைகூட அவருடைய மெய்யான வாழ்வை மூடிவிட முடியும் என்பதற்குப் புரூன்ஸியே சான்று.

ஆகவே, 1938 கச்சேரியைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் ஹாமண்டின் அறிமுக உரைகளை மட்டும் சான்றாகக் கொள்ளாமல், அந்த மேடையில் நின்ற ஒவ்வொருவரின் முந்தைய தட்டுகளையும் ஒப்பந்தங்களையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். 1951-இல் ஐரோப்பா சென்ற புரூன்ஸி, கார்னெகி மேடை தந்த நாட்டுப்புறப் பாடகர் வேடத்திலேயே பாடினார். 1958-இல் இறக்கும்வரை பெரும்பாலான ரசிகர்கள் அவரை அப்படியே அறிந்திருந்தனர்.