நிரல்மொழிகளில் அளவலகுகள்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ரோலிங் மில்களில் உருட்டப்படும் டிஎம்டி கம்பிக்கு எடை பார்க்க எளிய வாய்பாடு ஒன்று புழக்கத்தில் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்பது கிடைத்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் முழுக்கம்பிக்கு 10.67 கிலோ. எஃகின் அடர்த்தியும் மில்லிமீட்டரை மீட்டராக்கும் வேலையும் அந்த 162-க்குள்ளேயே அடக்கம். அடிக்கணக்கு பார்ப்பவர்கள் 533-ஆல் வகுப்பார்கள். மீட்டர் வாய்பாட்டில் நீளத்தை அடியில், 40 என்று தட்டிவிட்டால், கணினி 35.56 கிலோவுக்குப் பில் போட்டுக் கொடுக்கும். அதற்கு எல்லாமே வெறும் எண்.

எண்ணோடு அதன் அலகையும் நிரலுக்குத் தெரியப்படுத்தி, இப்படிப்பட்ட தவறுகளை ஓடுவதற்கு முன்பே பிடிக்கும் முயற்சி மெதுவாகத்தான் வளர்ந்தது. 1957-இல் வந்த ஃபோர்ட்ரானுக்கு முழு எண், தசம எண் என்ற பாகுபாடே போதுமானதாக இருந்தது. அதையும் மாறியின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதை வைத்தே முடிவு செய்தது. 1978-இல் மைக்கேல் கார், டேவிட் லவ்மன் இருவரும் அலகுகளை மொழிக்குள்ளேயே சேர்க்கலாம் என்று கட்டுரை எழுதினர்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவாகி 1983-இல் தரப்படுத்தப்பட்ட அடா மொழியில் மீட்டரையும் அடியையும் தனித்தனி வகைகளாக அறிவிக்கலாம். இரண்டையும் கூட்டினால் கம்பைலர் மறுத்துவிடும். ஆனால் மீட்டரை மீட்டரால் பெருக்கினால் விடையும் மீட்டர் என்றே வரும். சதுர மீட்டர் என்று அதற்குத் தானாகத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க, அலகுகளுக்கான இயற்கணிதத்தை வகை அமைப்புக்குள் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ கென்னடி. 1996-இல் வெளியான அவரது கேம்பிரிட்ஜ் முனைவர் பட்ட ஆய்வு, பின்னர் எஃப் ஷார்ப் மொழியில் செயல்வடிவம் பெற்றது. சரிபார்த்து முடிந்ததும் அலகுகள் அழிக்கப்படுவதால் நிரலின் வேகம் குறைவதில்லை.

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது. லாக்ஹீட் மார்ட்டினின் தரைநிலைய மென்பொருள் பவுண்டு-விசை நொடியில் எழுதிய கோப்பை, வழிசெலுத்தும் குழுவின் நிரல் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. கறாரான வகைகளின் பெருமைக்கு எல்லோரும் காட்டும் சான்று இது. உண்மையில் இது அவற்றின் எல்லையைத்தான் காட்டுகிறது: ஒரு நிரலுக்குள் எவ்வளவு காவல் போட்டாலும், கோப்பில் இறங்கும்போது எண் மட்டுமே மிஞ்சுகிறது.

ஆலைத் தளத்திலும் அதே கதைதான். அழுத்த உணரி அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் சமிக்ஞை, ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்குள் வெறும் முழு எண்ணாக நுழைகிறது. அது எந்த அலகு என்பதை அமைப்பவர்தான் சொல்ல வேண்டும். பி.எஸ்.ஐ.யை பார் என்று மாற்றிப் போட்டால் 14 மடங்குக்கு மேல் பிசகும், உடனே தெரிந்துவிடும். ஆனால் சதுர செ.மீ.க்கு 1 கிலோ என்பது 0.98 பார். அந்த 2 சதவீதப் பிசகு கண்ணில் படாமலே ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடும்.