உலகத் தொடர் மோதிரம்: ஓக்லாண்ட் அணியும் சார்லஸ் ஃபின்லியும்

உலகத் தொடர் மோதிரம் என்பது, அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் வெல்லும் அணியினருக்கு அளிக்கப்படும் பரிசு மோதிரமாகும். வீரர்கள் மட்டுமன்றி மேலாளர், பயிற்சியாளர்கள், அலுவலக நிர்வாகிகள், உரிமையாளர் ஆகியோரும் இதைப் பெறுவர். மோதிரத்தைச் செய்வித்து வழங்குவது வென்ற அணியின் நிர்வாகமே. எனவே உரிமையாளருக்கும் வீரர்களுக்கும் இருந்த உறவு சில சமயம் மோதிரத்திலேயே தெரிந்துவிடும். ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் அணியின் 1972, 1973 ஆண்டு மோதிரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

வழக்கத்தின் தொடக்கம்

அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்னும் இரு பிரிவுகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடர் 1903இல் தொடங்கியது. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணியே வாகையர். தொடக்க காலத்தில் பதக்கம், கைக்கடிகாரச் சங்கிலியில் கோக்கும் அணிகலன், கடிகாரம் போன்றவை நினைவுப் பரிசாக வழங்கப்பட்டன. 1922இல் வென்ற நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியினருக்கு மோதிரம் அளிக்கப்பட்டது. 1930களிலிருந்து மோதிரமே நிலையான வழக்கமாயிற்று.

சார்லஸ் ஃபின்லி

அலபாமா மாநிலத்தில் 1918இல் பிறந்த சார்லஸ் ஃபின்லி, மருத்துவர்களுக்குக் குழுக் காப்பீடு விற்றுச் செல்வந்தரானவர். 1960இன் இறுதியில் கான்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணியை வாங்கினார். 1968இல் அதைக் கலிஃபோர்னியாவிலுள்ள ஓக்லாண்டுக்கு மாற்றினார். உரிமையாளராக இருந்ததோடு, வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொது மேலாளர் வேலையையும் அவரே பார்த்தார். வீரர்களுக்குப் பச்சையும் பொன்மஞ்சளுமான சீருடை அணிவித்தார். 1972இல் மீசை வளர்த்த வீரர்களுக்கு ஆளுக்கு 300 டாலர் கொடுத்தார். திறமையைக் கண்டுபிடிப்பதில் வல்லவர். சம்பளப் பேச்சில் கடுமையானவர். வியர்வையும் தியாகமும் சேர்ந்தால் வெற்றி என்பது அவருடைய முழக்கம்.

1972: வைர மோதிரம்

ரெஜி ஜாக்சன், கேட்ஃபிஷ் ஹன்டர், ரோலி ஃபிங்கர்ஸ், வைடா புளூ ஆகியோரைக் கொண்டிருந்த ஓக்லாண்ட் அணி, 1972 உலகத் தொடரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியை 4-3 என வென்றது. காயம்பட்டிருந்த ஜாக்சன் அத்தொடரில் ஆடவில்லை. மகிழ்ச்சியில் ஃபின்லி தாராளமாகச் செலவு செய்தார். பச்சைக் கல்லின் நடுவே அசல் வைரம் பதித்த மோதிரங்களை அணியினருக்கு அளித்தார்.

1973: ஆண்ட்ரூஸ் விவகாரம்

மறு ஆண்டும் ஓக்லாண்ட் அணி இறுதிக்கு வந்து நியூயார்க் மெட்ஸ் அணியைச் சந்தித்தது. அக்டோபர் 14 அன்று நடந்த இரண்டாம் ஆட்டம் சமனில் நீண்டு 12ஆம் இன்னிங்ஸ் வரை சென்றது. அதில் இரண்டாம் தளத்தைக் காத்த மைக் ஆண்ட்ரூஸ் அடுத்தடுத்து இரு தவறுகள் செய்தார். மெட்ஸ் 10-7 என வென்றது.

ஆட்டம் முடிந்ததும், தோளில் காயம் இருப்பதால் தம்மால் ஆட இயலாது என்னும் அறிக்கையில் ஆண்ட்ரூஸைக் கையெழுத்திடச் செய்தார் ஃபின்லி. அவரை நீக்கிவிட்டு வேறொருவரைச் சேர்ப்பதே நோக்கம். சக வீரர்கள் கொதித்தெழுந்தனர். ஆண்ட்ரூஸின் எண்ணான 17ஐ ஒட்டுநாடாவில் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தனர். பேஸ்பால் ஆணையர் போவி கூன் நீக்கத்தை ஏற்க மறுத்து, ஆண்ட்ரூஸை மீண்டும் அணியில் சேர்த்தார்; ஃபின்லிக்கு அபராதமும் விதித்தார்.

நான்காம் ஆட்டத்தில் ஆண்ட்ரூஸ் மட்டையுடன் களமிறங்கியபோது, எதிரணியின் ஊரான நியூயார்க்கின் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர். ஓக்லாண்ட் அணி தொடரை 4-3 என வென்றது. வென்ற கையோடு மேலாளர் டிக் வில்லியம்ஸ் பதவி விலகினார்.

வைரம் இல்லாத மோதிரம்

அடுத்து வந்த 1973 மோதிரத்தில் வைரம் இல்லை. செயற்கைப் பச்சைக் கல் மட்டுமே இருந்தது. வென்ற கோப்பை ஒன்றே. ஆட்டங்களின் கணக்கும் அதே 4-3. ஆனால் மோதிரம் குறைந்துவிட்டது. வீரர்கள் இதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டனர்.

அக்காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒரு வீரரை அணி தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் விதி நடைமுறையில் இருந்தது. விரும்பிய அணிக்குச் செல்ல வீரருக்கு உரிமை இல்லை. சம்பளமானாலும் மோதிரமானாலும், உரிமையாளர் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வதே அவர் நிலை.

பிந்தைய நிகழ்வுகள்

1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியை 4-1 என வென்று ஓக்லாண்ட் அணி தொடர்ந்து மூன்றாம் முறையாக வாகை சூடியது. அதே ஆண்டு, ஹன்டரின் ஒப்பந்தப்படி காப்பீட்டுத் திட்டத்தில் செலுத்த வேண்டிய 50,000 டாலரை ஃபின்லி செலுத்தவில்லை. வழக்கை விசாரித்த பீட்டர் சைட்ஸ், ஒப்பந்தம் மீறப்பட்டதால் ஹன்டர் விடுதலை பெற்றவர் எனத் தீர்ப்பளித்தார். ஹன்டர் நியூயார்க் யாங்கீஸ் அணியில் 30 லட்சம் டாலருக்கும் அதிகமான ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். 1975 டிசம்பரில் சைட்ஸ் அளித்த மற்றொரு தீர்ப்பு, வீரர்களைக் கட்டிவைத்த பழைய விதியையே உடைத்தது.

1976இல் ஜோ ரூடி, ஃபிங்கர்ஸ் இருவரையும் தலா 10 லட்சம் டாலருக்கும், புளூவை 15 லட்சம் டாலருக்கும் ஃபின்லி விற்க முயன்றார். ஆணையர் கூன் அதைத் தடுத்தார். அவ்வாண்டு ஆட்டக்காலம் முடிந்ததும் ரூடி, ஃபிங்கர்ஸ் உட்பட முக்கிய வீரர்கள் பலர் பணம் ஏதும் ஈட்டித்தராமலே வேறு அணிகளுக்குச் சென்றுவிட்டனர். 1979இல் அணி 108 ஆட்டங்களில் தோற்றது. 1980இல் ஃபின்லி அணியை விற்றார். 1996இல் காலமானார்.

ஆண்ட்ரூஸ் அந்தத் தொடருக்குப் பின் அமெரிக்கப் பெரும் லீக்குகளில் ஆடவில்லை. பாஸ்டனில் புற்றுநோய் சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் நிதி திரட்டும் ஜிம்மி நிதியத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் தொண்டாற்றினார்.

வரலாற்றுச் சான்றாக மோதிரம்

பழைய மோதிரங்கள் இன்று ஏலங்களில் விலைபோகின்றன. பொறிக்கப்பட்ட பெயர், ஆண்டு, உட்புறத்திலுள்ள தயாரிப்பாளர் முத்திரை ஆகியவற்றைச் சேகரிப்போர் ஆராய்கின்றனர். விற்பனையாளர்கள் மாதிரியாகக் காட்டிய மோதிரங்களும் சந்தையில் உள்ளதால் இந்த ஆய்வு அவசியமாகிறது. வரலாறு பயிலும் மாணவர் இவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இதைக் கொடுத்தவர் யார், என்ன மனநிலையில் கொடுத்தார்? 1973 மோதிரத்தில் வைரம் இருந்திருக்க வேண்டிய இடம் அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.